கடனோடு வந்த தோட்டம்: மொரிசியஸ் நாட்குறிப்பு

ஜூலை 3
கடனோடு கைமாறும் கரும்புத் தோட்டத்துக்கு முதல் வேலை வயலில் இல்லை, நோட்டரியிடம். சொத்துப் பட்டியல் போட்டு, சொத்தின் மதிப்பு வரைக்குமே கடனுக்குப் பொறுப்பு என்று வாரிசுப் பங்கை ஏற்க நம் சிவில் சட்டத்தில் வழி இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏற்றால் மொத்தக் கடனும் தலையில்.

அமெரிக்காவின் ஆர்லிங்டன் தோட்டத்துக் கணக்கைப் பாருங்கள். 1857 அக்டோபர் 10இல் அதன் உரிமையாளர் கஸ்டிஸ் இறந்தார். நிர்வாகம் மருமகன் ராபர்ட் லீயிடம் வந்தது. குதிரைப்படை லெப்டினன்ட் கர்னல், டெக்சாஸிலிருந்து விடுப்பில் வந்தவர். கடன் ஏறக்குறைய 10,000 டாலர். உயில்படி நான்கு பேத்திகளுக்குத் தலைக்கு 10,000 தரணும். அடிமைகளை ஐந்து ஆண்டுக்குள் விடுவிக்க வேண்டும். ரொக்கம் இல்லை.

ஜூலை 9
வெட்டு நடக்கிறது. கத்தி மண்ணை ஒட்டி இறங்க வேண்டும். சர்க்கரை அடிக்கணுவில்தான் அதிகம். நாலு விரல் உயரம் விட்டால் அதுவும் போச்சு, மேல்கணுவில் துளிர்த்து வேரும் மேலோட்டமாகும். கொண்டையை முற்றிய கணுவோடு நிறுத்தி வெட்டணும். பச்சைக் கொண்டையும் சேர்ந்து போனால் ஆலையில் சாறு தரம் குறையும். வெட்டியதை மறுநாளுக்குள் ஆலை சேர்க்காவிட்டால் எடையும் சர்க்கரையும் இறங்கும். லாரி வரும் நாளைப் பார்த்துத்தான் வெட்டாளுக்குச் சொல்லணும், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஜூலை 16
கட்டைக்கரும்பை, அதாவது வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கரும்பை, அளந்தாயிற்று. பாரில் (நட்ட வரிசையில்) அரை மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளிகளை மட்டும் கூட்ட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வெறுமையானால் பெயர்த்து நடலாம். ஆனால் நட்ட நாளிலிருந்து முதல் வெட்டுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், வட்டி காத்திருக்காது. ஒரே ஆண்டில் மொத்தத்தையும் பெயர்ப்பது தற்கொலை.

ஜூலை 22
ஆர்லிங்டனில் லீ மாவு ஆலையையும் கூரையையும் பழுதுபார்த்தார், சரிதான். ஆனால் பேத்திகள் பணத்துக்கு கஸ்டிஸின் ஸ்மித் தீவு நிலத்தை விற்க உயிலே வழி சொல்லியிருக்க, லீ நம்பியது அடிமைகளின் உழைப்பை. பலரை வெளியே வாடகைக்கு அனுப்பினார். 1859இல் தப்பியோடி வடக்கே பிடிபட்ட வெஸ்லி நோரிஸ் பின்னால் சாட்டையடியைப் பற்றிச் சொன்னார். விடுதலைப் பத்திரம் 1862 டிசம்பர் 29இல்தான், கெடு முடிந்த பிறகு.

இங்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடன்பட்ட எஸ்டேட்காரர்கள் நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். 'மோர்செல்மான்' என்றோம். வாங்கியவர்களில் நம் கூலிகளின் பிள்ளைகளும் உண்டு.

ஜூலை 24
விற்கும் துண்டு: கல்குவியல் மிகுந்த, இயந்திரம் நுழையாத மேற்குப் பக்கம். சாலையோரம் வேண்டாம். அது போனால் லாரிக்கு வழி போகும். மேற்கே போக வழி உரிமையைப் பத்திரத்தில் எழுதிவிட வேண்டும்.