ஷூ இல்லாத வீட்டுக்கு ஒரு கால்

2002 கடைசி. பாகிஸ்தான் எல்லையில் ராணுவத்தைக் குவித்த ஆபரேஷன் பராக்கிரம் முடிந்து, ராஜஸ்தான் எல்லையில் புதைத்த கண்ணிவெடிகளை எடுத்துக்கொண்டிருந்தோம். நான் மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு. மணல் நகர்ந்ததில் ஒன்று இடம் மாறிவிட்டிருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

புனேயில், ராணுவத்தின் செயற்கைக் கால் மையத்தில் நன்றாகவே நடக்கப் பழகினேன். வேலூர் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து வாசலில் ஷூவைக் கழற்றியதும் உடம்பு பின்னால் சாய்ந்தது. ஷூவின் குதி உயரத்துக்கு அளவெடுத்துப் பொருத்திய கால் அது, வெறுங்காலில் நிற்காது. செருப்பு வாசப்படி தாண்டினாலே பொறுக்காத அம்மா, "பரவால்லப்பா, ஷூவோடயே உள்ள வா" என்றார். ஆஸ்பத்திரியில் வராத அழுகை அன்றைக்கு வந்தது.

முதல் வருஷம், வெட்டியது போக மிஞ்சிய கால் சுருங்கிக்கொண்டே போகும். காலையில் அதன்மேல் ஒரு கம்பளி உறை போட்டால் மத்தியானத்துக்குள் செயற்கைக் கால் தொளதொளக்கும். இன்னொன்று போடுவேன், அப்புறம் மூன்றாவது. எங்கள் ஊர் வெயிலில் உள்ளே வேர்த்து ஒரு கொப்புளம் வந்தால் இரண்டு நாள் கட்டில்தான். ராத்திரியில் இல்லாத கட்டைவிரல் அரிக்கும். பைத்தியம் என்பார்களோ என்று மனைவியிடம்கூட மாதக்கணக்கில் சொல்லவில்லை. கால் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது உண்டு. என்னைப் போல் காலை இழந்த ராணுவத் தம்பிகளே, சொல்லிவிடுங்கள்.

பென்சன் ஆர்டரில் சாதாரண ஊன ஓய்வூதியம் என்று வந்தது. போர்க்காய ஓய்வூதியம் வேறு, தொகையும் அதிகம். 'பேட்டில் கேஷுவாலிட்டி', அதாவது போரில் காயம்பட்டவர் என்று யூனிட் பதிவு செய்த பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவுத் தாள் ஃபைலில் இல்லை. அந்த ஒரு தாளுக்காக ஒன்றரை வருஷம் மனு எழுதினேன். ராணுவத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே அதன் நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெறுங்காலில் நிற்க வழி காட்டியது ஒரு பழைய ஹவில்தார். ஜெய்ப்பூர் கால் போட்டுப் பார் என்றார். 1968-ல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ரப்பர் பாதம். வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், சேற்றில் இறங்கலாம். நம்மைப் போன்றவர்களின் வீட்டையும் வயலையும் நினைத்தே செய்தது.

அதைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்துபோய்த் திரும்பினேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, சேறு அப்பிய அந்தப் பாதத்தையே பார்த்தார். பிறகு சொன்னார்:

"கால் கழுவிட்டு உள்ள வாடா."