சிகாகோ வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

எம்.ஏ. வரலாற்றில் அமெரிக்க வரலாற்றுத் தாள் எடுத்தவர்களுக்கு, எல்லைப்புறக் குடியிருப்பு எப்படித் தொழில் நகரமானது என்ற கேள்வி ஏதாவது ஓர் உருவத்தில் வருவதுண்டு. உதாரணத்துக்கு எல்லோரும் எடுப்பது சிகாகோ. கைடுகளில் விடை ஒரே அச்சுதான்: 1803 கோட்டை, 1837 நகர அந்தஸ்து, 1871 தீ, 1886 ஹேமார்க்கெட், 1893 உலகக் கண்காட்சி. ஐந்தையும் ஒப்பித்துவிடலாம். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் என்ன சம்பந்தம் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால்தான் வாயடைத்துப் போகும். நான் இந்த ஊரை வைத்தே ப்ராஜெக்ட் செய்தவள். ஜூனியர்கள் "அக்கா, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கும்போதெல்லாம் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் நோட்ஸை மூடிவிட்டு வரைபடத்தைத் திறங்கள். மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் சிறிய, மந்தமான ஓர் ஆறு. அதற்குச் சில மைல் மேற்கே இன்னோர் ஆறு. அதன் தண்ணீர் இல்லினாய் ஆறு வழியாக மிசிசிப்பியில் சேர்ந்து மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. நடுவில் இருப்பது சதுப்பு நிலம். மழைக்காலத்தில் படகையே ஓட்டிவிடலாம், மற்ற நாளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். 1673-இல் இந்த வழியாகப் போன ஜோலியே என்ற பிரெஞ்சுப் பயணி, இங்கே ஒரு கால்வாய் வெட்டினால் போதும் என்று அப்போதே சொல்லிவிட்டார். சிகாகோவின் மொத்தக் கதைக்கும் இந்தச் சில மைல் சேறுதான் காரணம். இது மனதில் பதிந்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

'ஆளில்லாத நிலத்தில் ஊர் எழுந்தது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது பொட்டவாட்டமி என்ற பூர்வகுடி மக்களின் மண். அங்கே நிலையாகக் குடியேறிய முதல் வெளியாள் ழான் பாப்டிஸ்ட் ப்வான் டு சாப்ல் என்ற கறுப்பின வணிகர். மனைவி கிட்டிஹாவா பொட்டவாட்டமிப் பெண். 1800-இல் அவர் சொத்தை விற்றபோது எழுதிய பட்டியலில் வீடு, தானியக் களஞ்சியங்கள், குதிரை இழுக்கும் ஆலை, ரொட்டி சுடும் கட்டடம், கோழிக்கூண்டு, பால் கொட்டகை எல்லாம் இருக்கின்றன. அதாவது 1803-இல் டியர்போர்ன் கோட்டை கட்டப்படுவதற்கு முன்பே அங்கே நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு பண்ணை இருந்தது. விடையில் இதை இரண்டு வரியில் சொன்னாலே, எழுதியவர் கைடைத் தாண்டிப் படித்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். 1833 ஒப்பந்தத்தில் பொட்டவாட்டமிகள் மிச்ச நிலத்தையும் இழந்து மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பப்பட்டார்கள். ஊர் டவுனாகப் பதிவானதும் அதே 1833-இல்தான். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், தனித்தனிப் பத்தியில் வேண்டாம்.

அடுத்து, ஆண்டுகளை விட்டுவிட்டு ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் தேர்வு வில்லியம் ஆக்டன். நியூயார்க் மாநிலத்துக்காரர். மைத்துனர் தரப்பில் வாங்கிப்போட்ட மனைகளைப் பார்த்துக்கொள்ள 1835-இல் வந்தார். சேற்றைப் பார்த்து வெறுத்தும் போனார். அப்புறம் அதில் ஒரு பகுதியை விற்றதிலேயே போட்ட பணம் திரும்பி வந்ததும் மனம் மாறி அங்கேயே தங்கிவிட்டார். 1837-இல் முதல் மேயர். மெக்கார்மிக் தன் அறுவடை இயந்திரத் தொழிற்சாலையை 1847-இல் சிகாகோவில் தொடங்கியபோது அதில் பணம் போட்டவர்களில் இவரும் உண்டு. 1848-இல் ஓடிய முதல் ரயில் இவருடைய கம்பெனியுடையது. 1871 அக்டோபர் 8 இரவு சிகாகோ எரிந்தபோது இவர் சொத்தும் எரிந்தது. அதே இரவு விஸ்கான்சினில் பெஷ்டிகோ என்ற மரத்தொழில் ஊர் இன்னும் பல மடங்கு உயிர்ச்சேதத்தோடு அழிந்தது. அங்கேயும் இவருக்கு மர ஆலை இருந்தது. மனை, இயந்திரம், ரயில், மரம் என்று நகரத்தின் எல்லா நரம்பும் ஒரே மனிதர் வாழ்க்கையில் ஓடுகின்றன.

விடையின் மையமாக 1848-ஐ வையுங்கள் என்பேன். ஏரியையும் இல்லினாய் ஆற்றையும் இணைக்கும் 96 மைல் கால்வாய் அந்த ஆண்டு திறந்தது. ரயில், தந்தி, வணிகர்களின் 'போர்ட் ஆஃப் ட்ரேட்' எல்லாம் அதே ஆண்டில் வந்தவை. 1825-இல் திறந்த ஈரி கால்வாய் ஏற்கெனவே ஏரிகளை நியூயார்க்கோடு இணைத்திருந்தது. ஆக ஒரு பக்கம் நியூயார்க், மறுபக்கம் நியூ ஆர்லியன்ஸ், நடுவில் முடிச்சாக சிகாகோ. 1850-இல் ஏறக்குறைய 30,000 பேர் இருந்த ஊர் 1870-இல் மூன்று லட்சத்தைத் தொட்டது இதனால்தான்.

கோதுமை வியாபாரத்தைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். ரயிலுக்கு முன்பு விவசாயியின் கோதுமை மூட்டையாக வந்தது, விற்கும் வரை அது இன்னாருடைய மூட்டைதான். நீராவியால் இயங்கும் உயர்ந்த தானியக் கிடங்குகள் வந்தபின் மூட்டை போயிற்று. எல்லோருடைய கோதுமையும் ஒரே தொட்டியில் கொட்டப்பட்டது. அப்படிக் கொட்ட வேண்டுமென்றால் தரம் பிரித்தாக வேண்டும். போர்ட் ஆஃப் ட்ரேட் தரங்களை வகுத்தது. விவசாயி கையில் இருந்தது இன்ன தரம், இவ்வளவு அளவு என்ற ரசீது மட்டும். அந்த ரசீதை விற்கலாம், வாங்கலாம், இன்னும் அறுவடையே ஆகாத கோதுமைக்கும் விலை பேசலாம். இன்று உலகம் முழுக்க நடக்கும் முன்பேர வணிகத்தின் நவீன வடிவம் இங்கே உருவானது. பதினைந்து மார்க் விடையில் இதற்கு ஒரு முழுப் பத்தி கொடுக்கலாம்.

சுகாதாரப் பகுதியைச் சங்கிலியாகப் படித்தால் மறக்கவே மறக்காது. நிலம் தட்டை, சாக்கடை ஓடாது. 1854-இல் காலரா. 1855-இல் பொறியாளர் செஸ்ப்ரோவை அழைத்து வந்தார்கள். குழி தோண்ட வழியில்லாததால் அவர் சாக்கடைக் குழாயைத் தெருவின் மேலேயே பதித்து அதன்மேல் மண் கொட்டினார். தெரு உயர்ந்தது, கட்டடங்கள் பள்ளத்தில் நின்றன. சரி, கட்டடத்தையும் தூக்கு! 1860-இல் லேக் தெருவில் ஒரு முழு வரிசைக் கடைகளை, ஏறக்குறைய 6,000 திருகு ஜாக்கிகளை வைத்து 600 ஆட்கள் அங்குலம் அங்குலமாகத் தூக்கினார்கள். உள்ளே வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது. ஆனால் சாக்கடை விழுந்தது ஆற்றில், ஆறு விழுந்தது ஏரியில், குடிநீர் எடுத்ததும் அதே ஏரியில். ஏரிக்கு அடியில் இரண்டு மைல் சுரங்கம் வெட்டி (1867) தூரத்திலிருந்து தண்ணீர் எடுத்தும் தீரவில்லை. கடைசியில் 1900-இல் புதுக் கால்வாய் வெட்டி ஆற்றின் போக்கையே திருப்பிவிட்டார்கள். கழிவு இப்போது செயின்ட் லூயிஸ் பக்கம் போனது. மிசூரி மாநிலம் வழக்குப் போட்டு 1906-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 1885-இல் பெருமழையால் ஏரி மாசுபட்டு காலராவிலும் டைஃபாய்டிலும் 90,000 பேர் செத்தார்கள் என்று நிறைய இடங்களில் இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஓலியரி அம்மாவின் மாடு விளக்கை உதைத்துத்தான் 1871 தீ பிடித்தது என்பதும் அதே ரகம். 1997-இல் நகர மன்றமே அந்த அம்மாளைக் குற்றமற்றவர் என்று தீர்மானம் போட்டது. இரண்டையும் விடையில் உண்மையாக எழுதினால் மார்க் போகும்.

தீ பற்றி வைவாவில் என்னிடம் கேட்ட கேள்வி: "ஏம்மா, ஒரு லட்சம் பேர் வீடிழந்துட்டாங்க, ஊர் நடுப்பகுதியே சாம்பல். அப்புறமும் ரெண்டு வருஷத்துல எப்படி எழுந்துச்சு?" "தீ வடகிழக்கா அடிச்ச காத்தோட போச்சு சார். ஸ்டாக்யார்ட், அதான் கால்நடைச் சந்தை, தென்மேற்குல இருந்தது, எரியல. ஊருக்குள்ள வர்ற ரயில் பாதைகள்ல பெரும்பகுதியும் தப்பிச்சது." அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வானளாவிய கட்டடங்களைத் தீயோடு நேரடியாக முடிச்சுப் போடாதீர்கள். பத்து மாடி ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் 1885-இல்தான் முடிந்தது. மனை விலை, லிஃப்ட், எஃகு எல்லாம் சேர்ந்த விஷயம் அது.

ஹேமார்க்கெட் நமக்கு ஓரளவு தெரிந்ததே. 1886 மே 3-இல் போராடிய தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டது மெக்கார்மிக் ஆலை வாசலில் என்பதை மட்டும் மறக்காமல் சேருங்கள். 1847-இல் வந்த அதே கம்பெனி. மறுநாள் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் அதைக் கண்டித்து நடந்த கூட்டத்தில் குண்டு வெடித்தது. அந்த வழக்கில் 1887-இல் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் கொண்டாடிய மே தினத்தின் வேர் இங்கே இருக்கிறது.

1893 என்றால் நமக்கு செப்டம்பர் 11-உம் விவேகானந்தரும் தான். வரலாற்று மாணவர்கள் அதிலிருந்து இரண்டு மாதம் பின்னோக்கிப் போக வேண்டும். ஜூலை 12-இல், அதே கண்காட்சியை ஒட்டி நடந்த வரலாற்றாளர் கூட்டத்தில், ஃப்ரெடரிக் ஜாக்சன் டர்னர் எல்லைப்புறம் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை வாசித்தார். வேட்டைக்காரர், மேய்ப்பர், உழவர், கடைசியில் நகரம் என்று அவர் படிகளை அடுக்கினார். அவர் நின்று பேசிய ஊரே அதற்கு ஒத்துவரவில்லை என்பது என் கருத்து. சிகாகோவில் மனை விற்ற 1830-களில் சுற்றியிருந்த புல்வெளியில் ஏர் இறங்கியதே குறைவு. கிழக்கத்திய பணம் முதலில் வந்தது, உழவர் அதன்பின் வந்தார். என் ப்ராஜெக்ட்டின் முடிவுரையே இதுதான். உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், ஆனால் டர்னரைச் சொல்லாமல் விடாதீர்கள்.

மக்கள்தொகை எண்களில் ஒரு பொறி. 1880-இல் 5 லட்சம், 1890-இல் 11 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் குடியேற்றம் என்று எழுதத் தோன்றும். 1889-இல் ஹைட் பார்க், லேக் முதலிய பக்கத்து ஊர்களை நகரத்தோடு சேர்த்ததும் அந்தக் கணக்கில் அடக்கம். கேள்வி இருபதாம் நூற்றாண்டையும் கேட்டால் மட்டும் தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள், 38 பேர் பலியான 1919 கலவரம், 1971-இல் ஸ்டாக்யார்ட் மூடியது, 1983-இல் ஹரால்ட் வாஷிங்டன் முதல் கறுப்பின மேயரானது ஆகியவற்றைச் சேருங்கள். கேட்காவிட்டால் 1900-இல் ஆற்றைத் திருப்பியதோடு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சப் பக்கத்தில் ஏரி, இரண்டு ஆறுகள், கால்வாய், ரயில் பாதைகளை ஒரு கோட்டுப் படமாகப் போடுங்கள்.