ரன்வே செட்டிநாட்டில், விமானம் சேலத்தில்

செட்டிநாட்டில் ரன்வே உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்டது. இப்போது அங்கே விமானம் இறங்குவதில்லை. அதனால் காரைக்குடிக்காரனான நான் விமானம் ஓட்டிப் பழக சேலம் வரை போக வேண்டியிருந்தது. பிழைப்புக்காக இல்லை, வெறும் ஆசைக்கு.

முதலில் காகித வேலை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 16 வயதில் மாணவர் லைசென்ஸ், 17-ல் பிபிஎல், அதாவது சொந்தமாக விமானம் ஓட்டுவதற்கான லைசென்ஸ். விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் தளத்தில் பதிவு செய்துவிட்டு, அவர்கள் அங்கீகரித்த டாக்டரிடம் இரண்டாம் வகுப்பு மெடிக்கல் எடுக்க வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டாம், நானே சோடாபுட்டிதான். நம்மூர்க்காரர்களுக்கு வம்பு இனிஷியலில் வரும். மார்க் ஷீட்டில் இரண்டெழுத்து, ஆதாரில் அப்பச்சி பெயர் முழுசாக. கிளம்புவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒன்றுபோல ஆக்கிவிடுங்கள். மற்றதெல்லாம் தானாக நகரும்.

நான் பழகியது செஸ்னா 152. இரண்டே சீட். தரையில் ஓடும்போது ஸ்டீயரிங் மாதிரி இருப்பதைத் திருப்பிப் பிரயோஜனமில்லை, காலால்தான் திருப்ப வேண்டும். காரோட்டிப் பழகிய கை இதற்கு லேசில் ஒத்துக்கொள்ளாது.

என்னை அசர வைத்தது, எஞ்சினுக்காகப் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர். நம் வெயிலில் எஞ்சினுக்குள் பனி உறையும் என்றால் யார் நம்புவார்கள்? பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகலான இடத்தில் காற்றழுத்தம் குறையும்போதும் உள்ளே சூடு சட்டென்று இறங்கிவிடும். காற்றில் ஈரம் இருந்தால், வெளியே 30 டிகிரி அடித்தாலும் உள்ளே பனி கட்டி எஞ்சின் மூச்சு முட்டும். அதனால்தான் இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கும் முன் கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் குமிழை இழுத்துவிடச் சொல்கிறார்கள். "ஏன் சார்?" என்று கேட்டதற்கு ஆசிரியர் ஒரு மணி நேரம் பாடமே எடுத்தார். பணம் கொடுத்துப் பறந்த நேரத்தைவிட அது உசத்தி.

பறக்க ஒரு மணிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும், லைசென்ஸுக்கு 40 மணி நேரம் வேண்டும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். விட்டு விட்டுப் போனால் பழகியது மறந்து, அதே பாடத்துக்கு மறுபடி காசு கட்ட நேரும். கையில் மொத்தமாகப் பணம் சேர்ந்த பிறகு ஆரம்பிப்பது நல்லது.

தனியாகப் பறக்கும் நாளை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஆசிரியர் கதவைத் திறந்து, "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்று இறங்கிவிட்டார். ஏற்றிய பாரம் எல்லாம் சேர்த்தே 757 கிலோவைத் தாண்டக் கூடாத விமானம் அது. ஓர் ஆள் குறைந்ததும் விருட்டென்று எழும்பியது. பயப்படக்கூட நேரமில்லை, ரேடியோவில் டவர் பேச ஆரம்பித்துவிட்டது.

பிபிஎல் வைத்துக் கூலிக்கு ஓட்ட முடியாது, வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகலாம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அன்றைக்குப் பார்த்து ஏதோ வேலை இருக்கிறது. அப்பத்தா மட்டும்தான், "ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனாக உங்க ஐயா, எனக்கென்னப்பா பயம்?" என்று தேதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.