அன்பியக் கூட்டத்தில் வரி நோட்டு எதற்கு?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டம்) பாதியிலேயே திருவிழா வரிப் பேச்சாக மாறுவது புதிதில்லை. விவிலியம் வாசித்துப் பகிரும் ஏழு படி முறையை ஒழுங்காகப் பிடித்தாலே பாதி சரியாகிவிடும்: அழைப்புச் செபம், வாசிப்பு, மனதைத் தொட்ட சொல்லை மும்முறை உரக்கச் சொல்வது, மௌனம், பகிர்வு, செயல், நிறைவுச் செபம்.

சறுக்குவது நாலாவது படியில். ஐந்து நிமிடம் சும்மா இருக்கப் பொறுமையில்லாமல் பாட்டைப் போட்டு நிரப்பிவிடுகிறோம். மௌனம் போனால் பகிர்வில் சொந்த அனுபவம் வராது, குட்டிப் பிரசங்கம்தான் வரும்.

ஆறாவது படியில்தான் வரி நோட்டு வெளியே வருகிறது. அங்கே கேட்க வேண்டியது வேறு: படுத்த படுக்கையாய் இருக்கும் அப்பத்தாவை இந்த வாரம் யார் போய்ப் பார்ப்பது, நற்கருணை கொடுக்கச் சாமியாரிடம் யார் சொல்வது, போன வாரம் பேசியது நடந்ததா? நோட்டை நிறைவுச் செபம் முடிந்து காபி வரும்போது திறங்கள்.

பணத்துக்கு நிதிக்குழு இருக்கிறது. 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 537-ன்படி ஒவ்வொரு பங்கிலும் (ஒரு பங்குக் குருவின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்கச் சமூகம்) அது கட்டாயம். ஏழைகளுக்கென்று கொடுத்த காணிக்கையில் தேருக்கு சீரியல் லைட் போடக் கூடாது என்பதும் சட்டம்தான் (எண் 1267). பங்குப் பேரவையோ ஆலோசனை சொல்லும் அமைப்பு, வார்டு தேர்தல் இல்லை. முதல் பொன்னாடை யாருக்கு என்ற பஞ்சாயத்தை அங்கே கொண்டு வராதீர்கள், புண்ணியமாய்ப் போகும்!

தேர்பவனிக்கு முந்தின நாள் ஒப்புரவுக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) வெளியூர்க் குருக்கள் இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள். உள்ளூர்ச் சாமியாரிடம் பாவம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர்.