டெனர்தான் எனக்கு

சாக்ஸபோன் என்றதும் நம்மூரில் கத்ரி கோபால்நாத்தான் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது ஆல்டோ. என்னிடம் இருப்பது அதைவிடப் பெரிய டெனர். கழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஆல்டோவில் சட்டென்று மடங்கும், டெனரில் லேசாக நெளிந்து இறங்கும்.

சாக்ஸபோனை உருவாக்கிய அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை வாங்கியபோதே இதை ஒரு குடும்பமாகத்தான் யோசித்திருந்தார். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் நான்கிலும் விரல் வைக்கும் முறை கிட்டத்தட்ட ஒன்றே. சோப்ரானோவும் டெனரும் பி ஃபிளாட் சுருதி, மற்ற இரண்டும் இ ஃபிளாட் சுருதி. இசைத் தாளில் ஸி ஸ்வரம் இருந்தால் டெனரில் ஒலிப்பது ஓர் ஆக்டேவுக்கும் (ஸ்தாயிக்கும்) கீழே இருக்கும் பி ஃபிளாட். பியானோக்காரரோடு சேரும்போது முதலில் தலை சுற்றும், அப்புறம் பழகிவிடும்.

விரல் ஒன்று என்றாலும் மூச்சு ஒன்றல்ல. டெனரின் ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய பட்டை) அகலம், காற்றும் நிறைய கேட்கும். அடிமட்ட ஸ்வரங்களைச் சன்னமாக ஊதுவதுதான் பெரும்பாடு.

ஜாஸ் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் டெனரில் கனமாக, அதிர்வு நிறைய வைத்து ஊதுவார். இன்னொரு ஜாஸ் கலைஞர் லெஸ்டர் யங் அதே டெனரில் அவசரமில்லாமல் மிதப்பார். என் ஓட்டு லெஸ்டருக்கு. மாடிவீட்டு மாமாவின் ஓட்டு இருவருக்குமே கிடையாது.