ஸ்லைடு இல்லை, பிளாக் கேளுங்கள்

அம்மாவுக்கு யூரிட்டரில் (கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாயில்) கேன்சர் என்று தெரிந்து, ஒரு கிட்னியையும் அந்தக் குழாயையும் சேர்த்து எடுத்தது வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. என்னை அலையவிட்டது அதே மருத்துவமனையின் பேத்தாலஜி (வெட்டி எடுத்த கட்டியைப் பரிசோதிக்கும் பிரிவு) கவுன்ட்டர்தான்.

ரிப்போர்ட்டில் ஹை கிரேடு, மூன்றாம் ஸ்டேஜ். அம்மாவுக்கு வயது 54. பாட்டிக்குக் கர்ப்பப்பையில், மாமாவுக்குப் பெருங்குடலில் கேன்சர் வந்ததைச் சொன்னதும் ஆன்காலஜிஸ்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். பரம்பரையாகக் கேன்சர் வாய்ப்பைக் கூட்டும் லிஞ்ச் சிண்ட்ரோமாக இருக்கலாம், டி.என்.ஏ. பிழைகளைச் சரிசெய்யும் எம்.எம்.ஆர். புரதங்கள் நான்கையும் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 ஜீனையும் வெளி லேபில் பார்த்துவிடலாம், கட்டித் துணுக்கை மெழுகில் பதித்த பிளாக்கை வாங்கி வாருங்கள் என்றார்.

கவுன்ட்டரில், "பேஷண்ட் வரணும்." தையலோடு படுத்திருப்பவரை எப்படிக் கூட்டி வருவது? அம்மா கையெழுத்தோடு போனால், "டாக்டர் லெட்டர் எங்க?" லெட்டரோடு போனால், ஐ.பி. (அட்மிஷன்) நம்பர் ஆகாது, பயாப்ஸி நம்பர் வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் வாய் வலிக்குமா? கடைசியில் கவரில் போட்டு நீட்டியது ஸ்லைடுகளை. "எல்லாரும் இதான் சார் வாங்கிட்டுப் போறாங்க."

லேபில் பிரித்துப் பார்த்த பெண் உதட்டைப் பிதுக்கினார். ஏற்கெனவே சாயம் ஏற்றிய ஸ்லைடு செகண்ட் ஒப்பீனியனுக்குத்தான் ஆகுமாம். இந்த டெஸ்டுக்கு மெழுகு பிளாக், அல்லது அதிலிருந்து புதிதாக வெட்டிய சாயம் போடாத ஸ்லைடு வேண்டும்.

அடுத்த முறை கவுன்ட்டரில் நிற்காமல் நேரே பேத்தாலஜிஸ்ட் மேடத்தைப் பார்த்தேன். பிளாக்குகள் பல இருக்கும். கட்டி எதில் நிறைய இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து 'ஏ4' என்று குறித்துக் கொடுத்தார். சின்ன பிளாஸ்டிக் கேசட்டில் வெள்ளை மெழுகு, நடுவில் நகமளவு பழுப்புத் துணுக்கு, அவ்வளவுதான். வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிடாதீர்கள். டெஸ்ட் முடிந்ததும் மறக்காமல் திரும்ப வாங்குங்கள், பின்னால் தேவைப்படும்.

இதற்கிடையில் நாள் ஓடுகிறதே என்று எனக்கு உதறல். ஆபரேஷன் முடிந்து 90 நாளுக்குள் கீமோ தொடங்கினால் நோய் திரும்புவது குறைகிறது என்று பவுட் என்ற பிரிட்டிஷ் ஆய்வு 2020இல் காட்டியிருக்கிறது. அந்த கீமோவுக்கு ஸ்டேஜும் மிச்சமிருக்கும் கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற ஜி.எஃப்.ஆர். அளவும்தான் கணக்கு, வெளி லேப் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் தொடங்கிவிட்டார். நெட்டில் படித்து கேஐ67, பி.டி.எல்.1 என்று நான் நீட்டிய வேறு டெஸ்டுகளின் பட்டியலைப் பார்த்து, "இதுல எதை வெச்சும் இன்னிக்கு மருந்தை மாத்தப் போறதில்ல" என்றார்.

ரிசல்ட் வந்தது. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3இல் மாற்றம் இல்லை, அந்த நான்கு புரதங்களில் எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டும் காணோம். ரத்த டெஸ்டில் லிஞ்ச் உறுதியானது. பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தங்கைக்கு இல்லை, எனக்கு இருக்கிறது. பெருங்குடலுக்குள் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் ஒரு பாலிப்பை (சதை வளர்ச்சியை) முளையிலேயே எடுத்துவிட்டார்கள். மாமா பையனையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். தீபாவளி போகட்டும் என்கிறான்.