தல்மேதா என்ற பெயர் வந்த வழி

எங்கள் குடும்பப் பெயர் தல்மேதா. தூத்துக்குடிக் கடற்கரையில் பர்னாந்து அளவுக்கு அடிக்கடி காதில் விழுகிற பெயரல்ல. இது எப்படி எங்களிடம் வந்தது என்று எழுத்தில் பார்த்துவிடத் தேட ஆரம்பித்தேன்.

ஞானஸ்நானப் புத்தகத்தைக் கேட்டுப் பங்குக் கோவிலுக்குப் போனேன். "தம்பி, முதல்ல கல்யாணப் புத்தகத்தைப் பாருங்க" என்றார் கணக்கப்பிள்ளை. அந்த ஒரு யோசனைதான் என்னைக் கரைசேர்த்தது. கல்யாணப் பதிவில் மாப்பிள்ளை, பெண் இருவரின் தாய் தகப்பன் பெயரும் இருக்கும். ஒரு பதிவு கிடைத்தால் ஒரு தலைமுறை பின்னால் போய்விடலாம். அப்புறம்தான் ஞானஸ்நானப் புத்தகம். பழையவை லத்தீனில் இருந்தன. பெயரை எழுதும் விதம் சாமியாருக்குச் சாமியார் மாறியிருந்தது. என் பூட்டனுக்கு 'தல்மெய்தா', அவர் தம்பிக்கு 'தெ அல்மேய்தா'. தாய் தகப்பன் பெயர் ஒத்துப்போனதால்தான் இருவரும் அண்ணன் தம்பி என்று உறுதியானது. எழுத்தை மட்டும் நம்பித் தேடினால் பாதிப் பேரைத் தவறவிட்டுவிடுவோம்.

பிரித்து எழுதியிருந்த அந்தப் பதிவுதான் பொருளையும் காட்டியது: போர்த்துகீசியத்தில் 'தெ அல்மேய்தா' என்றால் அல்மேய்தா ஊர்க்காரர். போர்த்துகலில் ஸ்பெயின் எல்லையோரம், குவார்தா மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். நட்சத்திர வடிவக் கோட்டைக்குப் பேர்போனது. ஊர்ப்பெயரின் மூலம் அரபி. 'அல் மாயிதா' என்றால் மேசை. மேசைபோல் தட்டையான மேட்டுநிலம் என்பது வழக்கமான விளக்கம். அரபியில் பிறந்து போர்த்துகீசியத்தில் வளர்ந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த பெயர் என்று தெரிந்தபோது சந்தோஷம் தாங்கவில்லை.

1505-இல் போர்த்துகீசிய இந்தியாவின் முதல் வைஸ்ராயாக வந்தவர் பிரான்சிஸ்கு தெ அல்மேய்தா. அவர் வம்சமா என்று கேட்கிறார்கள். அப்படி நினைக்க எந்தக் காரணமும் இல்லை. 1530-களில் பரதவர்கள் திரளாக ஞானஸ்நானம் பெற்றபோது, ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துகீசியரின் பெயரைப் பலர் ஏற்றுக்கொண்டார்கள். இங்கே அந்தப் பெயர்கள் பரவியது அப்படித்தான். அதனால் லிஸ்பன் ஆவணங்களில் தாத்தாவுக்குத் தாத்தாவைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் பங்குக் கோவில் அலமாரியே போதும்.

போவதற்கு முன் பங்குத்தந்தையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பக்கங்களைக் கணக்கப்பிள்ளையே புரட்டட்டும். மை அரித்த தாள் விரல் பட்டதும் பொடிந்துவிடும்.